பதினாறாவது குறுக்குத் தெரு

என் மனைவியை அவள் வேலை பார்த்த இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏழு” என்பார்கள். வயதில் சின்னவர்கள் “ஏழக்கா” என்பார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஏழாம் எண் மேசையில் பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை எழுதி வாங்கிய அரசு வேலை. நான் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். கல்யாணம் பேசும்போது, “பொண்ணு பேசிச் சம்பாதிக்குது, மாப்பிள்ளை வாயைத் திறக்காம சம்பாதிக்கிறார், சண்டையே வராது” என்று அவள் சித்தப்பா சொன்னாராம்.

சண்டை வராமல் இல்லை. வீட்டில் அவள் குரல் பெரிசு. ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டால் வேறு ஆள். ஒருமுறை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாளென்று கொண்டுபோய்க் கொடுத்தபோது கதவோரம் நின்று கேட்டேன். ஜன்னல் இல்லாத நீள அறை, பன்னிரண்டு மேசை, எதிர்ச் சுவர் முழுக்க ஊர் வரைபடம். மறுமுனையில் யாரோ கதறுவது எனக்கே கேட்டது. இவள் குரல் ஒரு இழை கூட ஏறவில்லை. “நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. மூச்சு வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. ஒரு இளம்பெண். அப்பா குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், பேச்சில்லை, அசைவில்லை. என் மனைவி முகவரி கேட்டாள். “இருபத்திரண்டு, ஆறாவது குறுக்குத் தெரு” என்றாள் அந்தப் பெண். முகவரியை இரண்டு முறை திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. இவள் கேட்டாள். “ஆமா, ஆறாவது, ஆறாவது, சீக்கிரம் அனுப்புங்க” என்றாள் அவள். மறுபடியும் கேட்டாள். “ஆமாங்க, ஆமா.” வண்டி கிளம்பிவிட்டது.

வண்டி கிளம்பிய பிறகு நெஞ்சில் எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், எண்ணிக்கொண்டே அழுத்த வேண்டும். “ஃபோனைக் கீழ வெச்சிடுங்க. ரெண்டு கையும் வேணும். எங்க ஆளு வந்து உங்க தோளைத் தொடுற வரைக்கும் கையை எடுக்காதீங்க” என்றாள். எங்கே எப்படி வைத்தாளோ, இணைப்பு அறுந்துபோயிற்று.

ஆறாவது குறுக்குத் தெருவில் இருபத்திரண்டாம் எண், ஷட்டர் இறக்கிய ஒரு கிடங்கு. டிரைவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். இவள் அந்தப் பெண்ணின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பதினொரு முறை கூப்பிட்டாள். அந்தப் பேட்டையை ரயில் பாதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஆறாவது குறுக்கு இந்தப் பக்கம், பதினாறாவது குறுக்கு அந்தப் பக்கம். பதினாறாக இருக்குமோ என்று யோசித்து வண்டியைத் திருப்பச் சொன்னதும் இவள்தான். ரயில் கேட் மூடியிருந்தது. மொத்தம் பத்தொன்பது நிமிஷம் வீணானது. அந்த மனிதர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். “ஆறுன்னுதாங்க சொன்னா. ரெண்டு தடவ கேட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

புகார் கொடுத்தது அந்தப் பெண் இல்லை, அவளுடைய அண்ணன். சம்பவத்தன்று அவன் ஊரிலேயே இல்லை. “என் தங்கை பதினாறு என்று தெளிவாகச் சொன்னாள்” என்று எழுதியிருந்தான். அப்பாவை இழந்தவன், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பத்திரிகையில் வந்தது. இரண்டாம் நாள் இவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். எங்களுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. வருகிற அழைப்பு எல்லாம் பதிவாகிறது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் தீர்ந்தது.

“அதைக் கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்று இவளே என்னைத் தேற்றினாள்.

விசாரணை அதிகாரியாக வந்தவர் பூங்காத் துறைக்காரர். வேறு துறை ஆள்தான் விசாரிக்க வேண்டுமாம். மனிதர் தங்கமானவர், ஆனால் மரம் செடி தவிர வேறு எதிலும் மனசு போகாதவர். அவர் முதல் அமர்வு வைத்தது சம்பவம் நடந்து தொண்ணூற்று ஏழாம் நாள். ஒலிப்பதிவுகளைத் தொண்ணூறு நாள்தான் வைத்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவள் முதல் வாரமே எழுத்தில் கேட்டிருந்தாள். கடிதம் வந்து சேர்ந்ததற்கு முத்திரை இருக்கிறது. பதில்தான் இல்லை. ஒலிப்பதிவுக்குப் பதிலாக ஒரு தட்டச்சுத் தாளை வைத்தார்கள். அதில் அந்தப் பெண் “பதினாறாவது குறுக்குத் தெரு” என்று சொன்னதாக இருந்தது. எதைக் கேட்டு அடித்தார்கள், புகாரைப் பார்த்து அடித்தார்களா, யாருக்கும் தெரியவில்லை. தாளின் அடியில் கையெழுத்தும் இல்லை.

பதினொரு முறை கூப்பிட்ட பட்டியல் மட்டும் பத்திரமாக இருந்தது. அதையும் இவளுக்கு எதிராகத்தான் எழுதினார்கள். தவறு செய்ததை உணர்ந்ததால்தான் இத்தனை முறை அழைத்திருக்கிறார் என்று.

விசாரணை முடிந்து வந்த பணிநீக்க ஆணையில் கையெழுத்துப் போட்டவர் இணை இயக்குநர். நாற்பத்தைந்து நாளுக்குள் இயக்குநருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. ஊழியர் சங்கத்தில் ஒரு வக்கீல் அம்மாவிடம் அனுப்பினார்கள். அரசு ஊழியர் வழக்கு மட்டுமே பார்ப்பவர். அலமாரியில் அடுக்கியிருந்த பழைய கட்டுகளின் தூசியாலோ என்னவோ எந்நேரமும் தும்மிக்கொண்டிருப்பார். எங்கள் மகள் அவருக்குத் தும்மல் மேடம் என்று பெயர் வைத்துவிட்டாள். மனுவை அவர் கச்சிதமாக எழுதினார். கொண்டுபோய்க் கொடுத்தபோது இயக்குநர் ஓய்வு பெற்றிருந்தார். அந்த நாற்காலிக்குப் பதவி உயர்வில் வந்திருந்தவர், பழைய இணை இயக்குநர்.

“அவர் போட்ட ஆணை சரியான்னு அவரே பாக்கணுமா?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“இது நியாயமா மேடம்?”

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். “நியாயம்னு நான் சொல்லல. நடைமுறைன்னு சொல்றேன்.”

நான்கு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தலையிட முகாந்திரம் இல்லை.

அடுத்தது மேல்முறையீட்டு ஆணையம். ஐந்தாம் மாடி. லிஃப்ட் நான்காம் மாடியோடு நின்றுவிடும், கடைசி மாடிக்கு நடக்க வேண்டும். வெளியே சுவரோரம் நீளப் பெஞ்சுகள். எங்களைப் போல எத்தனை பேர் என்கிறீர்கள். பதவி உயர்வு மறுக்கப்பட்ட நூலகர், வயதைத் தப்பாக எழுதியதால் இரண்டு வருஷம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பம்ப் ஆபரேட்டர், எதற்காகத் தன்னை மாற்றினார்கள் என்று இன்றுவரை தெரியாத ஒரு நர்ஸ். எல்லார் மடியிலும் ஒரு பை. ஆணையத்தில் மூன்று உறுப்பினர் இருக்க வேண்டும், இரண்டு பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து விசாரிக்கக் கூடாது. மூன்றாமவரை அரசு நியமிக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எங்களை வரச் சொல்லி, பெயரைக் கூப்பிட்டு, அடுத்த தேதி சொல்லி அனுப்பினார்கள். பம்ப் ஆபரேட்டர் சிரித்தார். “எனக்கு ஓய்வு வயசு உண்மையிலேயே வந்துடும் போலிருக்கு, அப்புறம் வழக்கே வேணாம்” என்றார்.

அந்த மாதங்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். இவள் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்தாள், குளித்தாள், தலை வாரினாள். பிறகு போவதற்கு இடமில்லை. என் கடைக்கு வந்து உட்காருவாள். பாபின்களைத் துடைத்து அடுக்குவாள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிரும். எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுத்துக் கேட்பாள், சத்தம் தேய்ந்து அடங்கும் வரை. என் தங்கை வந்தபோது, “அண்ணி அன்னைக்கே மன்னிப்புன்னு ஒரு கடுதாசி குடுத்திருந்தா ரெண்டு மாசத்துல உள்ள எடுத்திருப்பாங்கண்ணே” என்று என் காதைக் கடித்தாள். இவளுக்குக் கேட்டுவிட்டது. மகளுடைய பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று மகள் பேனாவோடு வந்து நின்றாள். “நீயே ஏதாவது எழுதிக்கோம்மா” என்றாள் இவள். அவள் “அரசு ஊழியர்” என்று எழுதிக்கொண்டு போனாள். எங்கள் இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வக்கீல்தான் அந்த யோசனையைச் சொன்னார். “விசாரணையில அந்தப் பொண்ணை யாருமே கூப்பிட்டுக் கேக்கல. கவனிச்சீங்களா? அவ கிட்டேருந்து ஒரு வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க. பதட்டத்துல எந்த எண் சொன்னேன்னு ஞாபகம் இல்ல, எதிர்ல பேசினவங்க ரெண்டு தடவ கேட்டாங்க, அவ்வளவு போதும். வழக்கு நம்ம பக்கம் சாஞ்சிடும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் போனோம். பதினாறாவது குறுக்கு, இருபத்திரண்டு. மாடிப்படியின் கீழே சைக்கிள். கதவைத் திறந்தவளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். கையில் சோப்பு நுரை. நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, “அம்மா, கொஞ்சம் பேசணும்” என்றாள்.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

“உங்க குரல்…” என்றாள்.

“ஆமாம்மா. அன்னைக்கு ஃபோன் எடுத்தது நான்தான்.”

கதவை முகத்தில் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அண்ணன் வெளியே போயிருந்தான். நாற்காலிகளில் இருந்த துணியை எடுத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் குளியலறை வாசல் அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது.

“நான் சரியாத்தான் அழுத்தினேனா?” இதுதான் அவள் முதலில் கேட்டது.

“எப்படி அழுத்தினீங்க, சொல்லுங்க” என்றாள் என் மனைவி. அதே குரல், ஏழாம் மேசைக் குரல். அந்தப் பெண் கைகளைச் சேர்த்துத் தரையில் வைத்துக் காட்டினாள். முழங்கை மடங்கவில்லை.

“சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. இதுக்கு மேல யாராலயும் செய்ய முடியாது.”

“ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துது. எனக்குக் கேட்டுச்சு. நீங்க கையை எடுக்காதேன்னு சொன்னீங்க. அதனால எடுக்கல.” எண்ணி எண்ணி வார்த்தைகளை வைத்தாள். “அது நீங்கதானா? அட்ரஸ் கேக்கவா கூப்பிட்டீங்க?”

பதினொரு முறை அடித்ததும் அவள் எடுக்காததும் எனக்குத் தெரியும். ஏன் எடுக்கவில்லை என்று அதுவரை யோசித்ததே இல்லை. என் மனைவி யோசித்திருக்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. இத்தனை நாளும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

“இல்லம்மா. வண்டி கிட்டக்க வந்துட்டுதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்றாள்.

அந்தப் பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள். “நான் பதினாறுன்னுதானே சொன்னேன்? அண்ணன் சொல்றான், நீ பதினாறுன்னுதான் சொல்லியிருப்பேன்னு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. தினமும் யோசிச்சுப் பாக்கறேன். என் வாய்ல என்ன வந்துச்சுன்னு தெரியல.”

இதற்காகத்தான் வந்தோம். ஞாபகம் இல்லை என்பதைத்தான் வக்கீல் எழுதி வாங்கச் சொன்னார். என் சட்டைப் பையில் அடித்துவைத்த தாள் இருந்தது, கீழே ஒரு கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் பைக்குள் கையை விட்டேன்.

“பதினாறுன்னுதாம்மா சொன்னீங்க” என்றாள் என் மனைவி. “எனக்குத்தான் சரியா கேக்கல.”

அந்தப் பெண்ணின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாகத் தூக்கி வைத்திருந்த தோள். அவள் அழுதாள். என் மனைவி தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் தாளைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயில் கேட்டில் நின்றோம்.

“என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே, தெரியுதா?”

“தெரியுது.”

“ஆறுன்னு சொன்னாளா இல்லையா?”

“சொன்னா. ரெண்டு தடவ சொன்னா.”

“அப்புறம் ஏன்?”

“நான் வேற என்னங்க சொல்றது? நீங்களே சொல்லுங்க. அவ கிட்ட நான் என்ன சொல்லியிருக்கணும்?”

ரயில் போகிறவரை யோசித்தேன். கேட் திறந்தது.

வக்கீலிடம், “அந்தப் பொண்ணு ஒத்துக்கலை” என்று மட்டும் சொல்லிவிட்டோம். “பரவாயில்ல, அவளை விசாரிக்காததையே காரணமாக் காட்டறேன்” என்றார் அவர். மனுவில் அது நாலாவது காரணமாக இருந்தது. நாங்கள் அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

மூன்றாவது உறுப்பினர் எட்டு மாதம் கழித்து வந்தார். எங்கள் வழக்கு பத்து நிமிஷத்தில் முடிந்தது. துறையின் வக்கீல் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. தும்மல் மேடம் ஃபோனில் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். “ஜெயிச்சாச்சுங்க. பணிநீக்கம் ரத்து.”

மகள் குதித்தாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து நாலைந்து பேர் ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார்கள். “ஏழாவது மேசையில ஒரு புதுப் பையன் உக்காந்திருக்கான், நாளைக்கே எழுப்பி விட்டுடறோம் அக்கா” என்றாள் எட்டாம் மேசைக்காரி. வீடு நிறையச் சத்தம். அதன் நடுவே இவள் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் வரி வரியாகப் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

மற்ற மூன்று காரணங்களையும் ஆணையம் தொடவில்லை. ஒலிப்பதிவு அழிந்ததை ‘வருந்தத்தக்கது’ என்ற ஒரு சொல்லோடு தாண்டிப் போயிருந்தது. நாலாவது காரணம் மட்டும் ஏற்கப்பட்டது. அழைத்தவரை விசாரிக்காமல் முடிவெடுத்தது தவறு. எனவே ஆணை ரத்து. துறை ஆறு மாதத்துக்குள் அழைத்தவரை நேரில் விசாரித்துப் புதிதாக முடிவெடுக்க வேண்டும். அதுவரை தற்காலிகப் பணிநீக்கம் தொடரும்.

மறுநாள் வக்கீல் வீட்டுக்குப் போனோம். “அந்தப் பொண்ணைக் கூப்பிடாம பண்ண முடியாதா மேடம்?” என்று இவள் கேட்டாள்.

“அவளைக் கூப்பிடலன்னுதானே ஜெயிச்சோம்?”

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, தரையில் உட்கார்ந்தது, இவள் சொன்னது. வக்கீல் ஒருமுறைகூடத் தும்மவில்லை.

“இதை ஏன் அப்பவே சொல்லல?”

“தோணலை” என்றாள் இவள். உண்மையான பதில் அதுதான்.

“இப்ப அவ கிட்டப் போய்ப் பேசிடாதீங்க. சாட்சியைக் கலைச்சதா ஆயிடும். வேற வினையே வேணாம். ஃபோன்கூடப் பண்ணக் கூடாது.” பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “அவ அதைச் சொல்லாம இருக்கலாம். யாரும் அதைக் கேக்காமலும் போகலாம்” என்றார். அந்த ‘லாம்’களைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினோம்.

நான் ஒருமுறை இவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவுக்குப் போனேன். மெஷின் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தெருமுனையில் நின்றேன். அண்ணனும் தங்கையுமாக ஒரு கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. அவன் ஏதோ சொன்னான். அவள் பிடியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போய் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். திரும்பிவிட்டேன்.

புது விசாரணையும் அதே பூங்காத் துறைக்காரரிடம்தான். துறை விசாரணைக்குள் வக்கீல் வரக் கூடாது, கணவனும் வரக் கூடாது. நான் நடையில் இருந்தேன். மின்விசிறி ஓடவில்லையென்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அதனால் எல்லாம் கேட்டது.

அந்தப் பெண் வெளுத்த நீலச் சுடிதாரில் வந்திருந்தாள். உள்ளே போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“நீங்க என்ன முகவரி சொன்னீங்க?” என்றார் அதிகாரி.

“பதினாறாவது குறுக்குத் தெருன்னு சொன்னேன் சார்.”

“நிச்சயமாத் தெரியுமா? பதட்டத்துல மாத்திச் சொல்லியிருக்கலாமே?” நல்ல மனிதர் என்று சொன்னேனே, அவர் இவளுக்கு ஒரு வழி திறந்துதான் கொடுத்தார்.

“எனக்கும் அப்படித்தான் சந்தேகம் இருந்துச்சு சார். ஆனா இவங்களே வீட்டுக்கு வந்து சொன்னாங்க, நீ பதினாறுன்னுதான் சொன்னே, எனக்குத்தான் சரியா கேக்கலன்னு. யார் சார் இப்படி வந்து சொல்லுவாங்க? இவங்க ரொம்ப நல்லவங்க. எனக்கு இவங்க மேல எந்தக் கோவமும் இல்ல. இவங்களுக்கு வேலையைக் குடுத்துடணும், அதைச் சொல்லத்தான் நான் வந்தேன். எழுதிக்குங்க சார்.”

பேனாச் சத்தம் நின்றது. பிறகு எழுதுகிற சத்தம், நீளமாக.

“நீங்க குறுக்குக் கேள்வி ஏதாவது கேக்கறீங்களா?” இது என் மனைவியிடம்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கேளு, கேளு என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வி போதும்.

“கேள்வி இல்லைங்க” என்றாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லபடியாச் சொல்லிட்டேன்க்கா. இனி உங்களைத் திரும்ப எடுத்துக்குவாங்கல்ல?”

“எடுத்துக்குவாங்கம்மா. நீ வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போ.”

படியிறங்கி அவள் தெருவைக் கடக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் மனைவி நடையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு ஆள் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஐந்தாம் வாரம் ஆணை வந்தது. இந்த முறை ஆறு பக்கம். ஆணையத்தின் வழிகாட்டுதல் முழுமையாகப் பின்பற்றப்பட்டது. அழைத்தவர் நேரில் விசாரிக்கப்பட்டார். ஊழியர் தம் தவறைச் சாட்சியிடம் தாமே ஒப்புக்கொண்டுள்ளார். குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பளித்தும் மறுத்துள்ளார். பணிநீக்கம் உறுதி செய்யப்படுகிறது. அறுபது நாளுக்குள் ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

தும்மல் மேடம் மறுபடியும் மனு எழுதினார். கூடவே ஒரு சத்தியப் பத்திரம் வைக்க வேண்டுமாம். அந்தப் பெண் ஃபோனில் ஆறாவது என்றுதான் சொன்னாள், அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே நான் வீட்டில் மாற்றிச் சொன்னேன் என்று. “நம்புவாங்களான்னு கேட்டா என் கிட்ட பதில் இல்ல. ஆனா இது ஒண்ணுதான் பாக்கி” என்றார். பத்திரத்தைக் கொண்டுவந்து இவளிடம் கொடுத்தேன். வாங்கிக் கடைக் கல்லாவின் மேல் வைத்தாள். ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. நானும் கேட்கவில்லை.

நேற்று ஒரு மெஷினின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இவள் வாடிக்கையாளருக்கு ரசீது எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“அவ அன்னைக்குப் பதினாறுன்னுதான் சொல்லியிருப்பாளோ?”

நான் பெல்ட்டை விட்டுவிட்டேன்.

“எனக்கே இப்ப சரியாத் தெரியலைங்க. முன்னெல்லாம் கண்ணை மூடினா அவ குரல் கேக்கும், ஆறாவது ஆறாவதுன்னு. இப்ப அவ அந்த ரூம்ல சொன்னதுதான் கேக்குது. அந்தத் தாள்ல அடிச்சிருந்ததுதான் கேக்குது. சத்தியம்னு எழுதியிருக்கே அதுல, நான் எதை வெச்சுப் போடறது?”

“நீ ரெண்டு தடவ கேட்டே” என்றேன். “உனக்குத் தெரியும்.”

“நான் சொல்லித்தானே உங்களுக்குத் தெரியும்?” என்றாள்.

பத்திரம் கல்லாவின் மேலேயே இருக்கிறது. காற்றுக்குப் பறக்காமல் ஒரு கத்திரிக்கோலை வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை கடைசித் தேதி.